நாயம் பேசப் போன நாள்

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காலை ஒன்பது மணிக்குத் துடியலூரில் என் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அத்தையிடம், "கூட்டமிருக்குதுங்க, வர ராத்திரியாயிரும்" என்று சொன்னேன். அன்று எந்தக் கூட்டமும் இல்லை. வெள்ளக்கிணரில் உடன் பணியாற்றும் ஆசிரியையின் புதுமனை புகுவிழா, மதியம் கவுண்டம்பாளையத்தில் இரண்டு பழைய தோழிகளோடு சாப்பாடு, மாலையில் பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கம் ஒரு வளைகாப்பு. அவ்வளவுதான். இரவு எட்டரைக்குத் திரும்பியபோது அத்தை கேட்டார்.

"கூட்டம் நல்லா நடந்துச்சா, கண்ணு?"

களைப்பில் பொய்யைத் தொடர முடியவில்லை. "கூட்டமெல்லாம் இல்லீங்கத்தை. கூட வேலை பாக்கறவங்களையும் பழைய சிநேகிதிகளையும் பாத்துட்டு, நாயம் பேசிட்டு வர்றேன்."

"அதுக்கு எதுக்குக் கூட்டம்னு சொல்லிட்டுப் போனே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார். நாற்பத்தாறு வயதில், முனைவர் பட்டமும் இருபதாண்டு ஆசிரியப் பணியும் உள்ள ஒருத்தி, தோழிகளோடு சாப்பிடப் போவதற்கு ஏன் பொய் சொல்ல வேண்டும்? அத்தை என்னைத் தடுத்திருக்க மாட்டார். ஆனாலும் அந்தப் பொய் யோசிக்காமலே வாயில் வந்தது. அது என் சொந்தப் பழக்கம் மட்டும்தானா, எனக்கு முன்பிருந்தவர்களிடமிருந்து வந்ததா என்று பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சொல். கொங்குப் பேச்சில் உரையாடலுக்குப் பெயர் 'நாயம்'. "என்ன நாயம்?" என்றால் என்ன சேதி என்று பொருள். 'நியாயம்' என்ற சொல்லின் திரிபாகவே இதைக் கொள்ளலாம். ஊர்ப் பொதுவிடத்தில் ஆண்கள் உட்கார்ந்து பேசினாலும் நாயம்தான், கிணற்றடியில் பெண்கள் பேசினாலும் நாயம்தான். ஆனால் முன்னதில் வழக்குகள் தீர்ந்தன. பின்னதை 'வேலையத்த நாயம்' என்றார்கள். ஆங்கிலத்தில் காசிப் என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. அது முன்னொரு காலத்தில் ஞானப் பெற்றோரையும், பிரசவத்தின்போது துணையிருக்கும் தோழியரையும் குறித்த சொல். பின்னர்தான் அது வம்புப் பேச்சைக் குறிக்கலாயிற்று. இந்த மாற்றத்தைப் பெண்களின் கூட்டு வாழ்வு சிதைக்கப்பட்ட வரலாற்றோடு சேர்த்து வாசிக்கிறார் சில்வியா ஃபெடரிச்சி.

அலர் பேசும் பெண்கள்

தமிழ் படித்தவள் என்பதால் சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். நம் அகப்பாடல்களில் அதிகம் பேசுகிறவள் தோழி. தலைவியைவிட, தலைவனைவிட அவள் குரலே ஓங்கி ஒலிக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவிகளின் முகம் மலரும். பெண்ணின் நட்பை இவ்வளவு கொண்டாடிய மரபு வேறெங்கே உண்டு என்று கேட்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படியே நினைத்திருந்தேன்.

பிறகு ஒரு மாணவி கேட்டாள்: "தோழிக்குக் கல்யாணம் ஆச்சுங்களா மேடம்?" பதில் சொல்லத் தெரியவில்லை. தோழிக்குப் பெயரில்லை, ஊரில்லை, காதலில்லை. தொல்காப்பியம் அவளைச் செவிலியின் மகள் என்கிறது. அதாவது அந்த வீட்டில் வளர்ப்புத் தாயாக உழைப்பவளின் மகள். அவள் வேலை தலைவியின் காதலை நடத்திக்கொடுப்பது. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான அந்த உறவு ஓர் ஆணைச் சுற்றியே அமைகிறது. வர்ஜினியா வுல்ஃப் 1929இல் ஆங்கில இலக்கியத்தைப் பார்த்து எழுப்பிய குறையும் ஏறக்குறைய இதுதான்: பெண்கள் ஆண்களோடு கொண்ட உறவில் மட்டுமே காட்டப்படுகிறார்கள் என்றார்.

தோழி ஒருத்தி, ஆயம் ஒரு கூட்டம். ஓரையாடியும் நீராடியும் தினை காத்தும் திரிந்த அந்தக் கூட்டத்திலிருந்து, பருவமெய்திய பெண் பிரிக்கப்பட்டு வீட்டில் வைக்கப்படுகிறாள். இலக்கணம் அதை 'இற்செறிப்பு' என்கிறது. அதன் பிறகு கூடிப் பேசும் பெண்கள் கவிதைக்குள் வருவது அம்பலும் அலரும் தூற்றுபவர்களாகத்தான். சிறுமியராகக் கூடினால் ஆயம், வளர்ந்தபின் கூடினால் அலர்.

திருக்குறளில் நட்புக்கு ஐந்து அதிகாரங்கள் உண்டு: நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. ஐம்பது குறள்கள். அவையெல்லாம் பொருட்பாலில், அரசும் படையும் அமைச்சும் பேசப்படும் பகுதியில் உள்ளன. அதே பொருட்பாலில்தான் 'பெண்வழிச் சேறல்' என்ற அதிகாரமும் இருக்கிறது. நட்பு பொதுவெளிக்குரிய பண்பாகவும், அந்த வெளி ஆணுக்குரியதாகவும் எண்ணப்பட்டதை இந்த வைப்புமுறையே காட்டுகிறது. விதிவிலக்காக ஒருத்தி தகடூர் அரசன் அதியமானோடு கள் பகிர்ந்து, அவன் சார்பில் தூது போய், அவன் இறந்தபின் அழுது பாடினாள். ஒளவை பாணர் மரபில் வந்தவள். இற்செறிப்பு அவளுக்கில்லை. பிற்காலம் அவளைக் கிழவியாக்கிய பிறகே தெருவில் நடக்கவிட்டது.

வருசத்துக்கு ஒரு நாள்

என் அம்மிச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. அவருக்குச் சந்தையும் கோயிலும் பிறந்த ஊரும் தவிர வேறு பயணமில்லை. ஆனால் தைப் பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கும் நோம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். ஊர்ப் பெண்களெல்லாம் கூடி, கச்சாயமும் முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு, கரட்டுப் பக்கமோ ஆற்றங்கரைக்கோ போவார்கள். ஆவாரம்பூப் பறிப்பது ஒரு சாக்கு. கும்மியடிப்பார்கள், ஊஞ்சலாடுவார்கள், கொண்டுவந்ததைப் பங்கிட்டுத் தின்பார்கள், வீட்டு ஆண்களைக் கேலி செய்து பாடுவார்கள். பொழுது சாயும்போது திரும்பிவிடுவார்கள். "அன்னைக்கு ஒரு நாதான் கண்ணு எங்களுது" என்பார்.

மற்ற 364 நாள்களில் பெண்கள் கூடவே இல்லையா? கூடினார்கள், வேலையின் பெயரால். நீர் சேந்தும்போது, களை எடுக்கும்போது, கடலைக்காய் பறிக்கும்போது பேசினார்கள். சந்தகை பிழிய இரண்டு பேர் வேண்டும். வெந்த உருண்டையை ஒருத்தி மரத்துக்குள் இட, இன்னொருத்தி அழுத்திப் பிழிய வேண்டும். அந்த இரண்டாவது ஆளாகப் பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். ஊர்க்கதை முழுவதும் அந்த அடுப்படியில் ஓடும். கையில் வேலை இருக்கும்வரை வாய்க்கு அனுமதி இருந்தது. சும்மா உட்கார்ந்து பேசினால்தான் ஊர் கேட்டது.

1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலைக் கொங்கு வட்டார நாவலின் முன்னோடி என்று பாடம் நடத்துகிறோம். கணவனை இழந்த நாகம்மாள் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அவள் கேட்ட பங்கைவிட, தன் விருப்பப்படி ஊருக்குள் நடமாடுவதும், தான் நினைத்தவரோடு பேசுவதுமே அந்த ஊரை அதிகம் உறுத்துகிறது. சொத்துரிமையும் நடமாட்டமும் ஒரே கயிற்றின் இரு முனைகள் என்று அந்தச் சின்ன நாவல் எண்பதாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது.

அம்மிச்சியின் கதையில் நான் வெகுநாள் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. ஒரு நாள் கேட்டேன்: "நம்ம தோட்டத்துல பண்ணயத்துக்கு வந்த பொம்பளைங்களும் பூப்பறிக்க வருவாங்களா?" அவர் சிறிது நேரம் பேசவில்லை. "அவங்க வேற பக்கம் போவாங்க" என்றார். அந்த ஒரே நாளிலும் இரண்டு கும்மி வட்டங்கள் இருந்திருக்கின்றன.

பத்துப் பேர் சேர்ந்தால்

கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை 1888இல் வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. பெண்கள் நூல் சுற்றும் பகுதியிலும் கழிவுப் பஞ்சு பிரிக்கும் பகுதியிலும் வேலை செய்தார்கள். குடும்பத்தைச் சாராத, வேறு ஊர்களிலிருந்தும் வேறு சாதிகளிலிருந்தும் வந்த பெண்களோடு நாள் முழுதும் பழகும் வாய்ப்பை ஆயிரக்கணக்கான பெண்களுக்குத் தந்தது ஆலைதான். கூட வேலை செய்பவள் என்ற உறவு அதற்குமுன் வயலில் இருந்தது. ஆனால் அங்கே யார் எந்த வரப்பில் நிற்பது என்று முன்பே முடிவாகியிருந்தது.

அந்த வாசல் வெகுகாலம் திறந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66ஆம் பிரிவின்படி, காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்கள் ஆலையில் வேலை செய்யலாம் என்றது. பெண்களைக் காக்கும் நோக்கம் அதிலிருந்தது. ஆனால் மூன்று ஷிப்டு ஓடும் ஆலையில் இரவு ஷிப்டுக்கு வராத தொழிலாளி முதலாளிக்குச் சுமை. குழந்தைகள் காப்பகமும் பேறுகாலச் சலுகையும் தரவேண்டிய தொழிலாளி இன்னும் சுமை. பாதுகாப்பு என்று எழுதியதே வேலைக்கு எடுக்காமலிருக்கக் காரணமாயிற்று.

2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், வசந்தா தொடுத்த வழக்கில், இரவுப் பணித் தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அதோடு சில நிபந்தனைகளையும் விதித்தது. இரவில் வேலைக்கு வைக்கப்படும் பெண்கள் குறைந்தது பத்துப் பேர் கொண்ட குழுவாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு இன்னொரு பெண்ணின் துணையில் இருக்கிறது என்பதை நீதிமன்றம் ஒரு விதியாக எழுதியதாகவே அதை வாசிக்கிறேன்.

ஆனால் ஆலைகள் அந்தக் கூட்டத்தை வேறு விதமாகப் பயன்படுத்திக்கொண்டன. 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம்பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். முடிவில் ஒரு மொத்தத் தொகை; அது கல்யாணத்துக்கு. வெளியே போகவும் தொலைபேசியில் பேசவும் கட்டுப்பாடுகள் இருந்ததை 2011இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை பதிவு செய்தது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கடைவீதிக்குப் போக முடியாத நிலை. நான் பாடம் நடத்தும் முதலாமாண்டு வகுப்பில் அப்படி மூன்று வருடம் இருந்துவிட்டு வந்த பெண்கள் உண்டு. ஆலையைப் பற்றிக் கேட்டால் அவர்கள் சம்பளத்தைவிட அறைத்தோழிகளைப் பற்றியே பேசுகிறார்கள். "அவ இல்லீன்னா நான் ஓடிப் போயிருப்பேனுங்" என்றாள் ஒருத்தி.

பூஜ்ஜிய ரூபாய்ப் பயணச்சீட்டு

இந்த நகரத்தில் பெண்கள் சேர்ந்திருக்க இன்னொரு இடமும் உருவானது. 1948இல் நிர்மலா கல்லூரி, 1957இல் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி, 1963இல் கிருஷ்ணம்மாள் கல்லூரி. மகள்களைப் பெண்கள் கல்லூரிக்குத்தான் அனுப்புவோம் என்ற கட்டுப்பாட்டின் விளைவாகவும் இதைப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேதான் இரண்டு மூன்று தலைமுறைப் பெண்களின் சிநேகிதம் முளைத்தது. அன்று மதியம் என்னோடு கவுண்டம்பாளையத்தில் சாப்பிட்ட இருவரும் என் விடுதித் தோழிகள். மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டும் விடுதி அது. ஆறு மணிக்குப் பிறகு உள்ளே பேச எங்களுக்கு இரவு முழுதும் இருந்தது என்பதைப் பூட்டியவர்கள் யோசிக்கவில்லை.

பிறகு மூவருக்கும் கல்யாணமானது. ஒருத்தியின் முகவரியே பதினொரு வருடம் எனக்குத் தெரியாது. ஆண்களின் பள்ளிக்கால நட்பு அதே டீக்கடையில், அதே ஊரில் தொடர்கிறது. பெண் ஊர் மாறுகிறாள், முன்னெழுத்து மாறுகிறாள், அலைபேசி வந்த பிறகே மீண்டும் கண்டுபிடிக்கப்படுகிறாள்.

கண்டுபிடித்தபின்னும் நேரம் வேண்டும். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் அது 289, 88 என்றானது. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆணுக்கு ஒன்பது நிமிடம் மிச்சம். அந்தச் சனிக்கிழமை காலை நான் நாலரைக்கு எழுந்து மூன்று வேளைக்கும் சமைத்து வைத்துவிட்டே கிளம்பினேன். அதைச் செய்யாமல் கிளம்பும் துணிச்சல் எனக்கு இன்னும் வரவில்லை.

காசும் வேண்டும். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயன்படுத்தும் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொல்கிறது. பணத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முன்பு பேருந்துக்குக் காசு கேட்கும்போது "எங்கே போறே?" என்ற கேள்வி சேர்ந்தே வரும். காசு கேட்க வேண்டாமென்றால் அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம். அன்று மேட்டுப்பாளையம் சாலையில் வடக்கும் தெற்குமாக நான்கு முறை பேருந்தேறினேன். ஒரு பேருந்தில் கீரைக்கட்டுக் கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டே போனார்கள். நடத்துநர் கத்தினார். "அடுத்த வண்டில திரும்பி வந்துக்கறோம், உங்களுக்கென்ன?" என்றாள் ஒருத்தி. அம்மிச்சியால் சொல்லியிருக்க முடியாத வாக்கியம் அது.

இதையெல்லாம் வெற்றிக் கதையாக எழுதிவிட ஆசைதான். ஆனால் பெண்கள் கூடும் இடமெல்லாம் தானாகவே விடுதலை வெளியாகிவிடாது. ஆண்களே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களைச் சேர்த்துப் பயிற்றுவித்த பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கொங்கு ஊர்களில் இப்போது மாலை நேரங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து ஆடுகிறார்கள். பார்க்க நெஞ்சு நிறைகிறது. அதே ஆண்டுகளில், சில கும்மி மேடைகளில் சொந்தச் சாதியில்தான் மணம் முடிப்போம் என்று பெண்களை உறுதிமொழி எடுக்க வைத்த செய்திகளும் வந்தன. வட்டம் பெரிதாகலாம், யாரை வெளியே நிறுத்தி அது வரையப்படுகிறது என்று நாமே கேட்காவிட்டால் வேறு யாரும் கேட்கப்போவதில்லை.

விருந்து

அந்த நாளின் கடைசி அழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கல்லூரியில் துப்புரவுப் பணி செய்யும் அக்காவின் மகளுக்கு வளைகாப்பு. பதினோரு வருடங்களாக அவரும் நானும் ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறோம். என் பிள்ளைகளின் பரீட்சையும் அவர் பிள்ளைகளின் காய்ச்சலும் எங்களுக்குள் பேசாத நாளில்லை. ஆறு வருடத்துக்கு முன், மகள் பெரியவளானபோதும் அழைத்திருந்தார். போனேன். காப்பி நீட்டியபோது, "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேங்கா" என்றேன். வயிறு காலியாகத்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மறுநாள் கல்லூரியில் எப்போதும்போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எந்தக் கவிதையிலும் எழுதவில்லை.

இம்முறை சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தே போனேன். வழியில் துடியலூரைத் தாண்டியதும் வடமதுரை. அங்கே விருந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது. பசியோடு வந்த சுந்தரருக்கு இறைவனும் அம்மையும் வேடனும் வேடுவச்சியுமாக வந்து முருங்கைக்கீரை சமைத்து விருந்திட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. ஆதிசைவர் ஒருவர் வேடர் கையால் உண்ட கதையைத் தெய்வமாக்கிக் கும்பிடுகிற ஊர் எங்களுடையது. அந்தக் கீரையை ஆய்ந்து சமைத்தவள் வேடுவச்சியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கோயிலின் பெயர் ஈஸ்வரருக்கு.

வளையல் அடுக்கினேன், சந்தனம் பூசினேன், பெண்ணின் கன்னத்தைத் தொட்டு வாழ்த்தினேன். பந்தியில் எல்லோருக்கும் கலந்த சாதங்கள் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைத் தனியாக உள்ளறைக்கு அழைத்துப்போய் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். ஓட்டலில் வாங்கியது. "உங்களுக்குன்னு கடையில வாங்கி வெச்சிருக்கேனுங் மேடம். சுத்தமா இருக்குமுங்."

ஆறு வருடத்துக்கு முன் நான் சொன்ன பொய்க்கு அவர் கண்டுபிடித்த மரியாதையான பதில் அது. "எனக்குப் பந்தில போடுங்கக்கா" என்றேன். அவர் நம்பாமல் பார்த்தார். இருவருக்குமே கூச்சமாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டேன். புளிசாதத்தில் உப்பு சற்றுத் தூக்கலாக இருந்தது, அதையும் சொன்னேன். "ஆமாங், எம்பட தங்கச்சி கை அது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு பழையதைப் போல இல்லை என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்ற வேண்டுமென்று நான் விரும்பியதாலும் இருக்கலாம். கிளம்பும்போது அந்தப் பொட்டலத்தையும் என் பையில் திணித்துவிட்டார். இதுவரை என் வீட்டுக்கு அவரை நான் சாப்பிட அழைத்ததில்லை என்பது பேருந்தில் உட்கார்ந்தபின்தான் உறைத்தது.

அத்தையின் கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடியும். கூட்டம் என்றால் அது வேலை; வேலை என்றால் அனுமதி உண்டு. பூப்பறிப்பதும் சந்தகை பிழிவதும் அம்மிச்சிக்கு எப்படியோ, கூட்டம் எனக்கு அப்படி. பட்டமும் சம்பளமும் வந்தபின்னும் அந்தச் சாக்கை நான் கைவிடவில்லை. இதையெல்லாம் அத்தையிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அவருக்கு ஒரு தட்டில் வைத்தேன். இருவரும் சாப்பிட்டுக்கொண்டே பத்தரை வரை நாயம் பேசினோம்.

தை மாதம் பூப்பறிக்கும் நோம்பிக்கு எங்கள் துறையின் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போவதாகப் பேச்சிருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவை வீட்டுக்கு அழைத்திருக்கிறேன். சந்தகை செய்யலாம் என்றிருக்கிறேன். பிழிய இரண்டாவது ஆள் வேண்டும். அத்தை வருகிறேன் என்றிருக்கிறார்.